சீனியம்மாள் பிடுங்கிய ஐந்து பற்கள்

நான் வேலை பார்த்த மில்லில் இப்போது மனிதவளப் பிரிவில் இருக்கும் நிவேதா என்ற பெண் போன வாரம் எனக்குப் போன் செய்தாள். பழைய ஃபைல்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அதில் ரீலிங் பிரிவு சீனியம்மாள் மீதான விசாரணைப் பதிவு இரண்டு பக்கம் இருக்கிறதாம். ஐந்து இடங்களில் பேனாவால் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம்.

"மேடம், அடிச்சிருக்கிற அஞ்சு எடத்துலயும் பல்லு பல்லுன்னே வருது. யாரு மேடம் ஒக்காந்து இப்படி ஒவ்வொண்ணாப் புடுங்குனது?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்ற ஸ்டெனோவிடம் யாராவது எழுதச் சொன்னால் விடுவோமா? முப்பது வருஷம் அடுத்தவர் சொன்னதை எழுதியவள். இப்போதுதான் என் சொந்தச் சரக்குக்கு வழி பிறந்திருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊரில் பிறந்த பெண்களில் பாதிப் பேருக்கு வைக்கிற கோதை என்ற பெயரைத்தான் எனக்கும் வைத்தார்கள். அப்பா போலீசில் ஏட்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர், சுருக்கெழுத்து என்று மூன்று வருஷம் போனேன். அந்த மூன்று வருஷத்தில் விரல் வீங்கியது, பாஸானேன், அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீசில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. வேலை உத்தரவு வந்த அன்று அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "ஏட்டி, எதுல கையெழுத்துப் போட்டாலும் படிச்சுட்டுப் போடு." போலீஸ்காரர் வேறென்ன சொல்வார் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மில்லில் எனக்கு வாய்த்த மேலதிகாரி நிர்வாக மேனேஜர் ஆராவமுதன் சார். அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான், கோயிலைச் சுற்றிய வீதி. இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். பஸ்ஸில் அவருக்கு என்னைத் தெரியாது. முன் சீட்டில் உட்கார்ந்து மடியில் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தால், ஊர் எல்லை தாண்டுவதற்குள் காகிதம் மட்டும் மிஞ்சும். மில் கேட்டுக்குள் கால் வைத்த பிறகுதான், "வாம்மா கோதை, எப்ப வந்தே?" என்பார். பதினோரு கிலோமீட்டர் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் என்ன சொல்வது? "இப்பத்தான் சார்" என்பேன்.

சார் உட்கார்ந்து டிக்டேஷன் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். கமாவை மெதுவாகவும் ஃபுல்ஸ்டாப்பை மேஜையில் ஒரு தட்டுத் தட்டியும் சொல்வார். இடையில் திடீரென்று குரல் தணியும், கண் மூடும். ஒரு மரபுத்தொடர் வரப்போகிறது என்று அர்த்தம். சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பார். நான் ரசித்தேனா இல்லையா என்று தெரிய வேண்டும் அவருக்கு. மரபுத்தொடர் இல்லாத கடிதம் உப்பில்லாத தயிர்சாதம் என்பது அவருடைய கொள்கை.

நான் சேர்ந்த முதல் வாரம், பஞ்சு வியாபாரி ஒருவருக்குக் கடிதம். லாரி கடைசி நேரத்தில் வந்து சேர்ந்ததால் மெஷின்கள் நிற்காமல் தப்பின என்பது விஷயம். சார் கண்ணை மூடி, 'பை த ஸ்கின் ஆஃப் அவர் டீத்' என்றார். பல்லின் தோலால் தப்பினோமாம். நான் பென்சிலை நிறுத்திவிட்டு, பல்லுக்குத் தோல் ஏது சார் என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனிதர் பூரித்துப் போனார். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை என்று சொல்லி, மேஜை டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார்.

நோட்டில் உடம்பு உறுப்புக்கு ஒரு பக்கம். கண்ணுக்கு ஒரு பக்கம், மூக்குக்கு அரைப் பக்கம், பல்லுக்கு மட்டும் நாலு பக்கம். இங்கிலீஷ்காரனுக்கு உயிர் பல்லில்தான் இருக்கிறது என்பார். நமக்கு மயிரிழையில் தப்பிப்பது அவனுக்குப் பல்லின் தோலில். இனிப்புப் பண்டத்துக்கு ஏங்குகிறவனை நாம் நாக்கு நீளம் என்று சொல்ல, அவன் 'ஸ்வீட் டூத்' என்பான், இனிப்புப் பல். மிகவும் ஆசைப்பட்ட ஒன்றுக்காக அவன் தன் கோரைப் பல்லையே கொடுக்கத் தயார் என்பான். ஒருவருக்கு வயதாகிவிட்டதைப் 'பல் நீண்டுவிட்டது' என்று சொல்வதைக் கேட்டபோது மட்டும் எனக்கு ஆச்சரியமில்லை. குதிரைக்கு வயதானால் ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரியுமாம். சோழபுரத்தில் என் மாமா மாடு பிடிக்கப் போகும்போது முதலில் வாயைத்தானே திறந்து பார்ப்பார்? இதைச் சொன்னதும் சார் அந்த வரிக்குப் பக்கத்தில் 'மாடு, சோழபுரம்' என்று குறித்துக்கொண்டார்.

இரண்டே இரண்டு மட்டும் இரு பாஷைக்கும் பொதுவாக இருந்தன. புளிப்பு பட்டால் பல் கூசுவதும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதும். இதில் இரண்டாவதை ஆபீசில் எல்லோரும் தினமும் செய்துகொண்டிருந்தோம்.

இந்த நாலு பக்கம் எப்படி வந்தது என்பது போகப் போகத்தான் புரிந்தது. சாருக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். பால்கோவா செய்த வேலை. பல் டாக்டரிடம் போகப் பயம். கிராம்பை அடக்கிக்கொண்டு கன்னத்தில் கைவைத்து டிக்டேஷன் கொடுப்பார். வலி கூடினால் கடிதத்தில் பல்லும் கூடும். கடிதத்தில் ஒரு பல் இருந்தால் லேசான வலி, இரண்டு இருந்தால் அன்று லீவு கேட்கக் கூடாது. ஆபீசில் அவசரமாக அவரிடம் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் முதலில் என் மேஜைக்கு வந்து, "இன்னைக்குப் பல்லு உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

ஒரு தடவை புது மெஷின்கள் வந்து இறங்கின. தொடக்கத்தில் சின்னச் சின்னத் தொந்தரவு. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வரும் உபத்திரவத்தை வைத்து அதை 'டீதிங் ட்ரபிள்' என்பார்கள். சார் அப்படியே கம்பெனிக்கு எழுதினார். நாலாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஃபிட்டர் இரண்டு கோணிப் பை நிறையப் பல்சக்கரத்தோடு வந்து இறங்கி, எந்தப் பல் உடைந்தது என்று கேட்டார். சார் அசரவில்லை. படிக்கத் தெரியாதவனுக்கு நான் என்ன செய்ய என்று சொல்லிவிட்டுப் பதில் கடிதத்தில் இன்னொரு பல்லை வைத்தார். நான் தட்டச்சு செய்துகொண்டே சிரித்தேன். யாருக்கும் நஷ்டமில்லாத வேடிக்கை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது விசாரணை நடக்கும் முறையைச் சொல்ல வேண்டும். தொழிலாளி மேல் புகார் வந்தால் குற்றச்சாட்டுக் கடிதம் போகும். அவருடைய பதில் சரியில்லை என்று தோன்றினால் உள்விசாரணை. ஸ்டோர் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு நீள மேஜை. நடுவில் விசாரணை அதிகாரியாக ஆராவமுதன் சார், ஒரு பக்கம் புகார் சொன்ன சூப்பர்வைசர், எதிரில் தொழிலாளி, துணைக்கு ஒரு சக தொழிலாளி. ஓரத்தில் டைப்ரைட்டரோடு நான். எல்லோரும் தமிழில் பேசுவார்கள். சார் அதைக் காதில் வாங்கி, இங்கிலீஷில் எனக்குச் சொல்வார். நான் கார்பன் வைத்து மூன்று பிரதி அடிப்பேன். அதுதான் பதிவு. மதுரையில் இருந்த சட்ட ஆலோசகருக்கும், தண்டனை முடிவு செய்யும் டைரக்டருக்கும் அந்த இங்கிலீஷ் மட்டும்தான் போகும். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழியில்லை.

பக்கத்தின் அடியில் தமிழில் ஒரு வாசகம் வர வேண்டும்: 'மேற்கண்டவை எனக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன. சரியென ஒப்புக்கொள்கிறேன்.' அதற்குக் கீழே தொழிலாளியின் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் அதைக் கையால் எழுதி அலுத்துப்போய், ரப்பர் முத்திரை செய்து வாங்கியது என் யோசனை. அது மட்டுமில்லை. விசாரணைக்கு நடுவில் முத்திரை தேடிக்கொண்டிருந்தால் சாருக்குப் பிடிக்காது. அதனால் காலையிலேயே இருபது வெள்ளைத்தாளை எடுத்து வரிசையாக அடியில் குத்திவைத்துவிடுவேன். என் சுறுசுறுப்பைச் சார் பாராட்டினார். ஒரு எழுத்துகூட அடிப்பதற்கு முன்பே, எல்லாம் படித்து விளக்கியாயிற்று என்று ஊதா மையில் ஒப்புதல் தயாராக இருக்கும். பக்கம் முடிந்ததும் சார், "படிச்சாச்சு, போட்டுடுப்பா" என்பார். எல்லோரும் போட்டார்கள்.

ப்ளோ ரூமில் வேலை பார்த்த குருசாமி அண்ணாச்சியும் போட்டார். பஞ்சுப் பேலைப் பிரித்துப் போடுவது அவர் வேலை. காலையில் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு சூப்பர்வைசர் திட்ட, இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டார். விசாரணையில் அந்த சூப்பர்வைசர் சொன்னது, பேசும்போது குருசாமி கையில் பேல் கட்டை வெட்டுகிற கத்தி இருந்தது என்பதுதான். அது அவர் வேலைக் கத்தி. கையில் இல்லாவிட்டால்தான் தப்பு. அன்று சாருக்குக் கன்னம் லேசாக வீங்கியிருந்தது. கண்ணை மூடி, 'ஆர்ம்டு டு த டீத்' என்றார். பல்வரைக்கும் ஆயுதம் தரித்து வந்தான் என்று அர்த்தம், உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆயுதம் என்று நாம் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். நானும் வழக்கம்போல ரசித்த முகம் காட்டினேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்து, "பூக் கோத்த மாதிரில்லா அடிச்சிருக்க தாயி" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. அதை அடித்ததும் நான்தான். 'பல்வரை ஆயுதம் தரித்து' என்ற அந்தத் தொடர், பதிவிலிருந்து அப்படியே எடுத்து மேற்கோள் குறிக்குள் போடப்பட்டிருந்தது. மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசினால் எச்சரிக்கையோ நாலு நாள் சஸ்பென்ஷனோதான். ஆயுதத்தோடு வந்தால் வேலை போகும். இது மில்லின் நிலையாணைகளில் தெளிவாக இருக்கிறது. அடித்துக்கொண்டிருந்த என் விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அடித்து முடித்துவிட்டேன்.

ஆராவமுதன் சார் கெட்டவரில்லை. குருசாமிக்கு வேலை போன அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. டைரக்டர் இவ்வளவு கடுமையாக இருப்பார் என்று நினைக்கவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டார். தன்னுடைய அலங்காரத்தைத்தான் டைரக்டர் உண்மை என்று எடுத்துக்கொண்டார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் சீனியம்மாள் விசாரணை வந்தது. தொண்ணூறுகளின் முதல் வருஷங்கள் அவை. சீனியம்மாளுக்கு ஊர் கான்சாபுரம் பக்கம், கட்டிக்கொடுத்தது ராஜபாளையத்தில். ரீலிங்கில் நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிற வேலை. வயது நாற்பதுக்கு மேல். புருஷன் பட்டாளத்தில் இருந்து, திரும்பி வராமலே போனவர். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான் என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது இது. ஒரு ரீலில் சக்கரத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி கழன்றுவிட்டது. முந்தின வாரம் ஒருத்தியின் முந்தானை அதில் சிக்கி, மெஷினை நிறுத்தியதால் பிழைத்தாள். அந்த ரீலில் போய் நிற்கும்படி சூப்பர்வைசர் சுப்பராஜா சொல்ல, சீனியம்மாள் மாட்டேன் என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்ற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். சுப்பராஜாவுக்கு ரோஷம் வந்து, புகார் எழுதிக்கொடுத்துவிட்டார்.

விசாரணை அன்று காலையில் பஸ்ஸில் சார் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் பகீரென்றது. கன்னம் நெல்லிக்காய் அடக்கியதுபோல் வீங்கியிருந்தது. நான் போய் இருபது தாளில் முத்திரை குத்தினேன்.

சுப்பராஜா மூன்று வாக்கியம்தான் சொன்னார். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இரண்டு பக்கம் சொன்னார். உத்தரவின் 'பல்லுக்கு நேராக' அவள் மறுத்தாள். 'பல்லும் நகமுமாக' எதிர்த்தாள். காரணம் கேட்டபோது 'பற்களின் வழியாகப் பொய்' சொன்னாள். அவள் பேச்சைக் கேட்டு சூப்பர்வைசருக்குப் பல் கூசியது. மொத்தத்தில் பிரிவின் ஒழுங்குக்கே 'பல்லில் விழுந்த உதை'. ஒரே பதிவில் ஐந்து பல்! அதுவரை அவர் மூன்றைத் தாண்டியதில்லை.

அடித்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். 'பல்லும் நகமும்' மதுரைக்குப் போனால் அது கைகலப்பு. கைகலப்பு என்றால் வேலை போய்விடும். குருசாமி அண்ணாச்சிக்கு என்ன நடந்தது என்று பார்த்தவள் நான். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். இந்த மரபுத்தொடர் அன்றைக்கு எனக்குச் சரியாகப் பொருந்தியது.

"படிச்சாச்சு, போட்டுடும்மா" என்றார் சார்.

சீனியம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆனால் போடவில்லை. தாளின் அடியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அந்த வருஷம் ஊரூராக மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடந்தது. அதில் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே தமிழ் என் முத்திரைதான். 'மேற்கண்டவை' என்பதற்கே அரை நிமிஷம் ஆனது. அவளுக்குத் துணையாக வந்தவளையும் சேர்த்து நாங்கள் நால்வரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுல எனக்குப் படிச்சுக் காட்டுனதா எழுதியிருக்கு தாயி. இன்னும் நடக்கலையே. நடக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போட?"

அது வழக்கமாகப் போடுவதுதான் என்றார் சார்.

"இருக்கட்டும் சாமி. படிங்க, போடுதேன்."

சார் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், படித்துக் காட்டு என்று. இரண்டு பக்கம் சொன்னதில் அவருக்கு வலி கூடியிருந்தது. நான் முதலில் செய்தது கோழைத்தனம். சூப்பர்வைசர் சொன்ன வேலையைச் செய்ய மறுத்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அதில் பொய் இல்லை. சீனியம்மாள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துத் தாளை அளந்தாள்.

"இங்கனருந்து இங்கன மட்டும் எழுத்துக் கெடக்கு. நீங்க சொன்னது இத்துனூண்டு. மிச்சம் எங்க?"

சாரைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். பல்லாலும் நகத்தாலும் சண்டை போடுகிற அளவுக்கு நீங்கள் எதிர்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறது என்று சொன்னபோது, சீனியம்மாள் தன் நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். நூல் இழுத்து இழுத்துத் தேய்ந்த நகங்கள். எதையும் கீற முடியாது.

முதலில் எழுந்தது அவளில்லை, சுப்பராஜா. "சார், நான் அப்படிச் சொல்லலியே. மாட்டேன்னுச்சு, ஸ்டூல்ல போயி உக்காந்துச்சு. அம்புட்டுத்தான் சொன்னேன்" என்றார்.

அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது, தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று. சார் வலியை மறந்து, அது அப்படியே எடுத்துக்கொள்கிற வார்த்தை இல்லை, மரபு என்று விளக்கத் தொடங்கினார். பாடம் நடத்துகிற உற்சாகம்கூட வந்துவிட்டது. பல்லுக்கு நேராக என்றால் உத்தரவை மீறி. பல்லும் நகமும் என்றால் விடாப்பிடியாக. பற்களின் வழியாகப் பொய் என்றால் வாய் கூசாமல் பொய் சொல்வது.

"நான் என்ன பொய் சொன்னேன் சாமி?" என்றாள் சீனியம்மாள். குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல் கேட்டாள்.

சார் தாளைத் திருப்பி அந்த வரியைப் பார்த்தார். சுப்பராஜா பக்கம் திரும்பி, அந்தத் தடுப்பு கழன்றிருந்தது நிஜமா என்று கேட்டார். பயத்தில் சுப்பராஜாவுக்கு வீட்டுப் பாஷை வந்துவிட்டது. "அவுனு சார்" என்றார் தெலுங்கில். பிறகு சுதாரித்துக்கொண்டு, ஆமாம் சார், இரண்டு வாரமாகக் கழன்றுதான் கிடக்கிறது, ஃபிட்டரிடம் சொல்லியிருக்கிறேன் என்றார்.

சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வாயிலிருந்து கிராம்பை எடுத்துக் கைக்குட்டையில் மடித்துவைத்தார். நான் சேர்ந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து வேலை பார்த்தது அன்றுதான்.

"கோதை, பேனாவைக் குடு" என்றார்.

நிவேதா, நீ பார்த்த கோடுகள் அவர் கிழித்தவை. விசாரணைப் பதிவில் ஒரு வார்த்தையை அடித்தால், அந்த இடத்திலேயே விசாரணை அதிகாரி, சாட்சி, தொழிலாளி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொரு பிரதியிலும். ஐந்து பல், மூன்று பிரதி. சார் சுருக்கொப்பத்தை ஒரு இழுப்பில் முடித்தார். சுப்பராஜாவும் அப்படியே. சீனியம்மாளிடமும் சுருக்கமாகப் போட்டால் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. முழுப் பெயரையும் பதினைந்து தடவை எழுதினாள். 'சீ' போட்டு ஒரு மூச்சு விட்டு, 'னி' போட்டுத் தள்ளிப் பார்த்து, கடைசி 'ள்' மேல் புள்ளி வைத்ததும் நிமிர்ந்து எங்களைப் பார்ப்பாள். மத்தியான சங்கு ஊதியது. யாரும் எழுந்து போகவில்லை. பதினைந்தும் முடிந்த பிறகு முத்திரையில் விரல் வைத்து, "இப்பச் சரி" என்று சொல்லி, இரண்டு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டாள்.

பல் போன பிறகு பதிவில் மிஞ்சிய விஷயம் இவ்வளவுதான். தடுப்பு இல்லாத ரீலில் நிற்க மறுத்தாள், தடுப்பு இல்லாதது உண்மை. அதைப் படித்து யாரும் யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று போனது. சார் அதைத் தமிழிலேயே நாலு வரியில் எழுதினார். மறுநாள் தடுப்புக் கம்பியும் மாட்டினார்கள். சீனியம்மாள் வயது முடிந்து ஓய்வு பெறும்வரை அதே ரீலிங்கில்தான் இருந்தாள்.

சார் விசாரணைக்கு மறுநாள் லீவு போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டரிடம் போய் அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டார். வாயில் பஞ்சோடு வந்தவர் நோட்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார், 'லைக் புல்லிங் டீத்' என்று. ஒருவர் வாயிலிருந்து விஷயத்தை வரவழைக்கும் பாட்டைப் பல் பிடுங்குவதற்கு ஒப்பிடுவார்களாம். "எழுதி வெச்சு இருபது வருஷமாச்சு. அர்த்தம் நேத்திக்குத்தான் புரிஞ்சுது" என்றார். அதன்பிறகு அவர் கடிதங்களில் பல் வரவில்லை. சும்மா இருக்கிற மனிதரா? காதுக்கும் மூக்குக்கும் போய்விட்டார். பால்கோவாவை மட்டும் விடவில்லை.

இதுதான் நீ கேட்டதற்குப் பதில். நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது.

இவ்வளவு நேரம் சாரைக் கேலி பண்ணினேன். அவராவது தன் கையாலேயே கோடு கிழித்தார். காலையில் உட்கார்ந்து வெற்றுத்தாளில் முத்திரை குத்தியது அவரில்லை. சீனியம்மாளுக்குப் பிறகு நான் ஒரு தாளிலும் முன்கூட்டிக் குத்தவில்லை, ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் படித்துச் சொல்லிவிட்டுத்தான் முத்திரையை எடுப்பேன். ஆனால் அதற்கு முந்தியவை? ஒரு தடவை சாரிடம் குருசாமி அண்ணாச்சி ஃபைலை எடுக்கட்டுமா என்று கேட்டேன். அது முடிந்துபோன விஷயம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

குருசாமி அண்ணாச்சி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் மகள் வீட்டில் இருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை பெருமாள் கோயிலில் படியேறும்போது வருஷா வருஷம் பார்ப்பேன். இப்போது அவர் ஏறுவதில்லை, அடிவாரத்தில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொள்கிறார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், இந்தப் பிள்ளை டைப் அடித்தால் பூக் கோத்த மாதிரி இருக்கும் என்று சொல்வார். போன வருஷம் அவராகக் கேட்டார்: "ஏன் தாயி, அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு அதுல?" பழைய விஷயம், விடுங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு நான் வேகமாகப் படியேறிவிட்டேன்.

நிவேதா, அவர் ஃபைலும் உன்னிடம்தான் இருக்கும். எடுத்துப் பார். முதல் பக்கத்தின் கடைசி வரி, இடம் போதாமல் முத்திரையின் மேலேயே ஏறியிருக்கும். ஊதா மை அடியில், கறுப்பு எழுத்து மேலே. எது முதலில் வந்தது என்று குழந்தைகூடச் சொல்லும். அதற்கு ஒரு நகல் எடுத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. நானும் நீயும் அண்ணாச்சி மகள் வீட்டுக்குப் போவோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஒன்று விடாமல் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதற்கு மேலே நான் குத்திய முத்திரையில் இருப்பதுதான் இன்னும் நடக்கவில்லை.